சொப்புச் சாமானா, நிஜப் பாத்திரமா? மூன்று வகை கிச்சன் செட் பற்றி

இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைக்குச் சமையல் செட் வாங்கலாம் என்று தேடினால் மூன்று வகை கண்ணில் படும். லைட் எரிந்து சத்தம் போடும் பிளாஸ்டிக் கிச்சன் செட் ஒன்று. அம்பாசமுத்திரம் மரச் சொப்பு இன்னொன்று. மூன்றாவது, மாண்டிசோரி கல்விமுறையின் பெயரைச் சொல்லி ஆன்லைனில் விற்கும் ‘ப்ராக்டிகல் லைஃப்’ செட்: தட்டு, ஜக், ஸ்பாஞ்ச், இடுக்கி, சின்னக் கத்தி. முதல் இரண்டும் பாவனை விளையாட்டுக்கு. மூன்றாவது நிஜ வேலைக்கு.

பாவனையும் நிஜ வேலையும் வேறு வேறு சங்கதி. பாவனை விளையாட்டுக்கான சாமான் எவ்வளவு மொட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மிச்சத்தைப் பிள்ளையின் கற்பனை நிரப்பிக்கொள்ளும். நிஜ வேலைக்கான சாமானோ அளவு, எடை, விளிம்பு எல்லாவற்றிலும் சரியாக இருந்தாக வேண்டும். கடையில் நடப்பது நேர்மாறு. விளையாட்டு அடுப்பில் பட்டன் பட்டனாகச் சேர்க்கிறார்கள். ஊற்றிப் பழகும் ஜக்கை மூக்கே இல்லாமல் செய்து அனுப்புகிறார்கள்.

பிளாஸ்டிக் கிச்சன் செட்

சுமார் ரூ.1,000 தொடங்கி ரூ.3,000 வரை பல அளவுகளில் கிடைக்கிறது. அடுப்பு சிவப்பாக ஒளிரும், எண்ணெய் பொரியும் சத்தம் வரும், குழாயைத் திருப்பினால் தண்ணீர் கொட்டும்.

முதலில் படுப்பது அந்தக் குழாய்தான். தொட்டியில் ஊற்றும் தண்ணீரையே ஒரு சின்ன மோட்டார் திரும்பத் திரும்ப மேலே ஏற்றுகிறது. விளையாடி முடித்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுவோம். டியூபுக்குள் நிற்கும் தண்ணீர் அப்படியே கிடக்கும். சில நாளில் உள்ளே வழவழப்பு பிடித்து வாடை அடிக்கும். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளை ‘காப்பி’ என்று சொல்லி வாயில் வைக்கும். தொட்டியைக் கவிழ்த்த பிறகு மோட்டாரைச் சில விநாடி வெறுமனே ஓடவிட்டு டியூபைக் காலி செய்ய வேண்டும், திறந்தபடியே காயவைக்க வேண்டும், வாரம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரை ஓட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் குழாய் இல்லாத செட்டாகப் பாருங்கள். பேட்டரி மூடி திருகாணி போட்டு முடுக்குவதாக இருக்க வேண்டும். விரலால் தள்ளித் திறக்கிற மூடி என்றால் வேண்டாம்.

அடுத்தது வெல்க்ரோ காய்கறி. இரண்டு பாதியும் வெல்க்ரோவால் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் கத்தியை மேலே வைத்து அமுக்கினால் டப்பென்று பிரியும். பிள்ளைக்கு அது பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் நறுக்கக் கற்றுக்கொடுக்கும் என்ற அட்டைப்பெட்டி வாசகத்தை நம்ப வேண்டாம். நிஜக் காயை நறுக்கும்போது கத்தியை முன்னும் பின்னும் இழுக்கிறோம், இன்னொரு கை காயை உருளாமல் பிடிக்கிறது, தோல் அறுபட்டதும் அழுத்தத்தைக் குறைக்கிறோம். வெல்க்ரோ கேரட்டுக்கு இதில் ஒன்றும் தேவையில்லை. தூசியும் முடியும் சேர்ந்து வெல்க்ரோவின் பிடிப்பு போனால் பழைய டூத் பிரஷால் சீவி எடுங்கள், இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

உயரமான செட்டின் கால்கள் உள்ளே வெற்றாக இருப்பதால் பிள்ளை சாய்ந்தால் ஆடும். சுவரோடு ஒட்டிப் போட்டு, கீழ்த்தட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு வைத்தால் ஓரளவு நிற்கும்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இருந்தால் மட்டும் போதாது, அதனோடு ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். திருவிழாக் கடையிலும் நடைபாதையிலும் எடை பார்த்து விற்கும் செட்டுகளில் இது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அம்பாசமுத்திரம் சொப்பு

பாவனை விளையாட்டுக்கு என்று காசு செலவழிப்பதானால் என் ஓட்டு இதற்குத்தான். அடுப்பு, பானை, குடம், உரல், உலக்கை, அம்மி, குழவி, திருகை, கரண்டி. பட்டன் இல்லை, சத்தம் இல்லை. பொரியும் சத்தத்தைப் பிள்ளையே வாயால் எழுப்பும், பானைக்குள் என்ன வேகிறது என்பதை அதுவே சொல்லும். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தை பொருளிலிருந்து பொருளின் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. சொப்பில் இதற்கு இடம் உண்டு. பிளாஸ்டிக் பீட்சா துண்டு கடைசிவரை பீட்சாதான்.

கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். இப்படி ஏற்றிய நிறம் தண்ணீரில் கரையாது. வாங்கும்போது வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது அரக்கு வேலை இல்லை, மேலே பூசிய மலிவு வண்ணம். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு அதை வாங்க வேண்டாம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ விதியிலிருந்து விலக்கு உண்டு. அதனால் முத்திரை இல்லாததே குறை ஆகாது. துணிச் சோதனையை நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

இதைச் சானிடைசர் போட்டுத் துடைக்கக் கூடாது. அரக்கைக் கரைப்பதே ஆல்கஹால்தான். துடைத்த இடம் பிசுபிசுத்து, மங்கி, நிறம் கையோடு வந்துவிடும். வெந்நீரும் ஆகாது, அரக்கு வெளுத்துப்போகும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பிப் பிறகு வெடிக்கும்.

அளவுதான் இதன் பெரிய குறை. சின்ன செட்டில் வரும் குழவி, கரண்டி, டம்ளர் எல்லாம் கட்டை விரல் அளவே இருக்கும். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கும் துண்டு இருக்கக் கூடாது என்பது பொது அளவுகோல். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாயில் போட்டுப் பார்க்கலாம். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் கூடுதல் பாதுகாப்பு. அதற்குள் நுழைகிற எல்லாவற்றையும் எடுத்து மூன்று வயது வரை மேல் ஷெல்ஃபில் வைத்துவிடுங்கள். பெரிய அளவு செட் விலை கூட. ஆனாலும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி.

நிஜ வேலைக்கான செட்

1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோது அங்கே பொம்மைகளும் இருந்தன. பிள்ளைகள் அவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. துடைப்பது, பரிமாறுவது, கை கழுவுவது போன்ற வேலைகளில்தான் மூழ்கினார்கள். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் ஊரில் ‘மாண்டிசோரி’ என்ற பெயர் இவ்வளவு புழங்குவதற்கு அந்த ஆண்டுகளுக்கும் பங்குண்டு.

அவர் பார்த்ததைப் பிற்காலத்தில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலின் லிலார்ட் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரே வேலையை நிஜமாகச் செய்ய விருப்பமா, பாவனையாகவா என்று கேட்டார்கள். பெரும்பாலும் நிஜத்தையே தேர்ந்தெடுத்தார்கள். நான்கு வயதில் அந்த விருப்பம் மூன்று வயதில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. பாவனையைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டைக் கவனிக்க வேண்டும்: நிஜத்தைக் கண்டு பயம், அல்லது அதைச் செய்யத் தெரியாது. அப்படியானால் பயத்தைப் போக்கி, செய்யவும் காட்டிக்கொடுத்தால் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று பெற்றோர் யோசிக்கலாம்.

சரி, செட்டுக்கு வருவோம். ஆன்லைனில் சுமார் ரூ.1,500க்கு மேல் விற்கும் இந்தச் செட்டுகளில் தட்டு நன்றாக இருக்கும், உள்ளே இருப்பதில் பாதி வீண். அதே சாமானைப் பாத்திரக்கடையில் ஏறக்குறைய ரூ.600க்குள் சேர்த்துவிடலாம். தயங்காமல் அதைச் செய்யுங்கள்.

ஊற்றும் செட்டில் பார்க்க வேண்டியது மூக்கு. ஜக்கின் வாய் விளிம்பு தடித்து உருண்டையாக இருந்தால் தண்ணீர் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஜக்கின் வயிற்றுப் பக்கமாக வழியும். மெதுவாக ஊற்ற ஊற்ற வழிவது கூடும். பிள்ளைகள் மெதுவாகத்தான் ஊற்றுவார்கள். ஆக, கவனமாகச் செய்கிற பிள்ளைதான் அதிகம் சிந்தும். ‘இன்னும் வரலையே’ என்று நாம் கையைப் பிடித்துக்கொள்வோம். குற்றம் ஜக்கின் மேல். கூரான மூக்குள்ள 200 மி.லி. எவர்சில்வர் பால் ஜக் வாங்குங்கள். அது கிடைக்கவில்லை என்றால் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்த காப்பி டம்ளரும் டபராவும் போதும். சொம்பு வேண்டாம், கழுத்து குறுகி வயிறு பெருத்திருப்பதால் கடைசித் தண்ணீர் திடீரென்று கொட்டும்.

விளிம்பு வைத்த தட்டில் ஜக்கும் இரண்டு சின்ன டீ கிளாஸும் வையுங்கள். ஜக்கில் 100 மி.லி. தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கிளாஸிலும் 50 மி.லி. வரும் இடத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிவிடுங்கள். எங்கே நிறுத்துவது என்பதைக் கோடே சொல்லும், நாம் ‘போதும் போதும்’ என்று கத்த வேண்டியதில்லை. செய்து காட்டும்போது பேசாதீர்கள். இந்த வயதில் வாயையும் கையையும் ஒரே நேரத்தில் கவனிப்பது கடினம். ஒரு கை பிடியில், மறு கை மூக்குக்குக் கீழே. ஊற்றி முடித்ததும் கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருப்பதைக் கொஞ்சம் மிகைப்படுத்தியே காட்டுங்கள். பிள்ளைகள் இதில்தான் லயிப்பார்கள்.

சிந்தினால் துடைக்க ஸ்பாஞ்ச். செட்டில் வரும் ஸ்பாஞ்ச் பெரியவர் கைக்கானது. மூன்று வயதுக் கையால் அதைப் பிழிய முடியாது, நனைந்ததைப் போட்டுத் தேய்த்தால் ஈரம் பரவும். 5 செ.மீ.க்கு 7 செ.மீ. துண்டாக நறுக்கிவிடுங்கள். ஊற்றுவதைவிடத் துடைத்துப் பிழிவதிலேயே பிள்ளை அதிக நேரம் செலவிட்டால் தடுக்க வேண்டாம். பின்னால் பென்சில் பிடிக்கப்போகும் கைக்கு அதுவும் பயிற்சி.

தண்ணீருக்கு முன் தானியத்தில் பழக்கலாம் என்று செட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும். மூன்று வயதுக்குக் கீழே இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊறிப் பெருத்து, எடுப்பதற்கு மருத்துவரிடம் ஓட வேண்டிவரும். இரண்டு வயதுக்குத் தண்ணீர்தான் நல்லது. குளியலறைத் தரையில் வைத்தே தொடங்கலாம். ஊற்றி விளையாடிய தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். வாளியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பிள்ளையைத் தனியே விடக் கூடாது.

கத்தி விஷயத்தில் எல்லோருக்கும் பயம். பல் வைத்த நைலான் கத்தி பாதுகாப்பு என்று செட்டில் கொடுக்கிறார்கள். கேக்குக்கும் வாழைப்பழத்துக்கும் சரி. தக்காளித் தோலில் அது இறங்காது. பிள்ளை பலம் கொடுத்து அமுக்கும், தக்காளி உருளும், கை வழுக்கும். வெட்டாத கத்தியில் இருக்கும் ஆபத்து இதுதான். நைலான் கத்திக்குப் பதில், மேலே கட்டையாகப் பிடி வைத்த அலையலையான வேவ் கட்டர் வாங்குங்கள். இரண்டு கையும் பிடியின் மேலேயே இருப்பதால் விரல் தகட்டுக்குக் கீழே வராது. முதலில் உரித்த வாழைப்பழம், அடுத்து வேகவைத்த உருளைக்கிழங்கு, பிறகு நீளவாக்கில் பிளந்த வெள்ளரிக்காய். உருண்டையான எதையும் நாமே பாதியாக வெட்டித் தட்டையான பக்கம் கீழே வருமாறு வைத்துக் கொடுக்க வேண்டும். பச்சை கேரட் ஐந்து வயதுக்கு மேல்தான். அது வெட்டுப்படாமல் தெறிக்கும். தகட்டின் முனை கூர்மையாக இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். சில கட்டர்களில் மூலை ஊசிபோல் இருக்கும், அதை அரத்தால் மழுக்கிவிடலாம்.

செட்டில் வரும் தாழ்ப்பாள் பலகை, மணி கோக்கும் கிண்ணம், சொட்டுக் குழாய் எல்லாம் சில நாள் வேடிக்கை. தாழ்ப்பாள் பலகைக்குப் பதில் வீட்டுப் பெட்டிக்கும் பீரோவுக்கும் உள்ள நிஜப் பூட்டே இருக்கிறது. இடுக்கியில் ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் பிள்ளை இரண்டு கையாலும் அமுக்கும். ஒரு கை போதாத இடுக்கி என்றால் திருப்பி அனுப்புங்கள்.

விளையாட்டுத் துடைப்பமும் வீண். அதன் நார் விறைத்து விரிந்து நிற்பதால் குப்பை நகராது. கடையில் வாங்கும் பூந்துடைப்பத்தின் கைப்பிடியை மொத்த நீளம் 60 செ.மீ. வருமாறு வெட்டி, வெட்டிய முனையைத் துணி சுற்றிக் கட்டிவிடுங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு முழச் சதுரம் வரைந்து, கிழித்த காகிதத் துண்டுகளைச் சுற்றிலும் போட்டு, சதுரத்துக்குள் கூட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். சதுரம் இல்லாமல் ‘கூட்டு’ என்றால் எங்கே தள்ளுவது என்று தெரியாமல் வீடு முழுக்கப் பரப்பிவிடும்.

எந்தச் செட்டிலும் வராத, ஆனால் எல்லாவற்றையும் விட நல்ல சாமான் ஒரு கட்டு முருங்கைக்கீரை. ஒரு கை காம்பின் நுனியைப் பிடிக்க வேண்டும், மறு கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மேலிருந்து கீழே உருவ வேண்டும். பழுத்த இலையைக் கண் பார்த்துத் தள்ள வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்தாறு காம்பு போதும், கட்டு முழுவதையும் கொடுத்தால் பாதியில் எழுந்துவிடும். ஆய்ந்த கீரை அன்றைக்கே சாம்பாரிலோ பொரியலிலோ வர வேண்டும். ‘இது நான் ஆய்ந்தது’ என்று சாப்பாட்டில் பார்ப்பதை எந்த பிளாஸ்டிக் செட்டும் கொடுக்காது.

சமையல் மேடை உயரத்துக்கு ஏற்றிவிடும் மர ஸ்டாண்டும் இதோடு விற்கிறார்கள். மேடை 85 செ.மீ., மூன்று வயதுப் பிள்ளை சுமார் 95 செ.மீ. என்றால் நிற்கும் தட்டு 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்; மேடை முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும். அடித்தளம் மேல்பகுதியைவிட அகலமாக இல்லாவிட்டால் சாயும். நம் சமையலறையில் மேடையும் கேஸ் அடுப்பும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில். அதனால் நான் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். தரையில் பாய் விரித்து, முன்னால் மணையைப் போட்டு அதன்மேல் தட்டை வைத்தால் விழுவதற்கு உயரமே இல்லை.

பாவனைக்கே விட்டுவிட வேண்டியவை

நிஜத்தில் செய்ய முடியாதவை நிறைய இருக்கின்றன. ஊசி போடுவது, பஸ் ஓட்டுவது, பாம்பு பிடிப்பது. தடுப்பூசி போட்டு வந்த பிள்ளை வீட்டில் பொம்மைக்கெல்லாம் ஊசி குத்திக்கொண்டிருந்தால் குறுக்கே போகாதீர்கள். தனக்கு நடந்ததைத் தன் கைக்குள் கொண்டுவரும் வேலை அது. இதற்கென்று விற்கும் டாக்டர் செட்டில் ஸ்டெதஸ்கோப் வெறும் டியூப். மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் உறிஞ்சும், பீய்ச்சும். சாதாரண நிஜ ஸ்டெதஸ்கோப் சில நூறு ரூபாய். இதயத் துடிப்பு நிஜமாகவே கேட்கும். காதில் மாட்டியிருக்கும்போது யாரும் முனையில் தட்டவோ கத்தவோ கூடாது, காது வலிக்கும்; அதனால் இது பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கடை வைத்து விளையாட நிஜத் தராசு. சின்ன இரும்புத் தராசில் ஒரு பக்கம் 100 கிராம் கல், மறுபக்கம் வெங்காயம்; முள் நடுவில் நிற்கும்வரை போட்டு எடுப்பது கணக்குப் பாடம்தான், ‘அண்ணே, கால் கிலோ குடுங்க’ என்பது பாவனை. ஐந்து வயதை நெருங்கும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் எந்தச் செட்டும் வேண்டியதில்லை, கூட்டாஞ்சோறு ஆக்கலாம். அரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு. களைவதும் அளப்பதும் உப்புப் போடுவதும் இலை போட்டுப் பரிமாறுவதும் பிள்ளைகள் வேலை. அடுப்பு பற்றவைப்பதும் பானையை இறக்குவதும் பெரியவர் வேலை. பரிமாறும் முன் சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும்.